மடை பிரித்த ஒளி

கோயம்புத்தூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் லேசர் கட்டிங் பட்டறை நடத்திவரும் அன்பர்களுக்கு,



முப்பத்திரண்டு வருஷ காலம் பாலிடெக்னிக் ஒன்றில் பட்டறைப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெற்ற பின்னரும் பழைய மாணாக்கர்களின் பட்டறைகளுக்குப் போய், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரும்புத் தூளின் வாசனையையும் டீயின் வாசனையையும் ஒருங்கே அநுபவித்துவரும் ஒரு கிழவன் எழுதும் மடல் இது. உங்களில் பலர் என்னை வாத்தியாரய்யா என்று அழைக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதத் துணிந்தேன்; உங்கள் மனத்தை நோகச் செய்யும் வார்த்தை ஏதேனும் இடையே தலைகாட்டுமானால் அதையும் அந்த உரிமையின் கணக்கிலேயே எழுதிக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற மாதம் நம் ஊர்க் கணபதிப் பகுதியில் ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திறங்கிய யந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, எலுமிச்சம்பழம் கட்டி, உரிமையாளர் அதன் பக்கத்தில் மணப்பெண்ணின் தகப்பனாரைப்போல் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க வாத்தியாரய்யா, இது பன்னெண்டு கிலோவாட்டுங்க. பக்கத்துச் சந்துல இருக்கறவரு ஆறுதானுங்க வெச்சிருக்காரு" என்றார். 20 மில்லிமீட்டர் எம்.எஸ். (மென்னெஃகு) தகட்டை அது வெண்ணெயை அறுப்பதுபோல் அறுத்ததை நான் கண்ணாரக் கண்டேன், மெச்சினேன். அன்று மாலையே ஒரு வாடிக்கைக்காரர் வந்து, காகிதம்போல் மெல்லிய எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு ஒன்றைக் கொடுத்து, வடிகட்டிக்காக அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வேண்டும் என்றார். உரிமையாளர் சக்தியைக் குறைத்துப் பார்த்தார், வேகத்தைக் கூட்டிப் பார்த்தார், நாசிலை மாற்றிப் பார்த்தார். தகடு நீலம் பாரித்து, ஓரங்கள் உருகித் திரண்டு, கடைசியில் எண்ணெயில் போட்ட அப்பளத்தைப்போல் சுருண்டுகொண்டது. வந்தவர் நயமாகவே விடைபெற்றுப் போனார். ஆனால் அந்த வேலை நம் ஊரை விட்டுப் போய்விட்டது என்பதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவொட்டாமல் செய்தது.

கிலோவாட் போதாமையால் அந்த வேலை போகவில்லை. இருந்த ஒளியைப் பிரிக்கத் தெரியாமையால் போயிற்று. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு நீண்ட கடிதம்.

லேசருக்கும் பலத்தைப் பற்றிய பெருமைக்கும் உள்ள சம்பந்தம் அதன் பிறப்பிலேயே தொடங்கிவிட்டது. 1960 மே 16 அன்று கலிபோர்னியாவின் மாலிபு என்ற கடலோர ஊரில், ஹியூஸ் ஆராய்ச்சிச் சாலையில், தியோடர் மைமன் என்பவர் ஒரு கெம்புக் கோலிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பிறப்பித்தார். அந்த ஆரம்ப காலத்தில் ஒரு லேசரின் பலத்தை அளக்கச் சௌகரியமான கருவி கிடைக்காமல், அடுக்கி வைத்த ஜில்லெட் சவர பிளேடுகளில் எத்தனையை அது துளைக்கிறது என்று எண்ணி, ஒரு ஜில்லெட், இரண்டு ஜில்லெட் என்று வேடிக்கையாகக் கணக்குச் சொன்னார்களாம். (சவர பிளேடு என்றதும் நம்மூர் ஜி.டி. நாயுடு நினைவுக்கு வராமல் இரார். ரேஸரும் மெல்லிய பிளேடும் செய்து காட்டிய அந்த மகாபுருஷர் அந்தச் சமயத்தில் மாலிபுவில் இருந்திருந்தால், துளைபட்ட பிளேடுகளை விடத் துளைபடாத பிளேடுகளைப் பற்றியே அதிகம் விசாரித்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.) 1964-இல் கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்தவர் மஹாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து பூனாவில் படித்த குமார் படேல். 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் அத்தகைய லேசரோடு பிராணவாயுவைச் சேர்த்துப் பாய்ச்சி, வெறும் 300 வாட்டில் 1 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை அறுத்துக் காட்டினார். நீங்கள் இன்று செய்யும் தொழிலின் மூலபுருஷர் அவரே. அந்த 300 வாட்டிலிருந்து உங்கள் 12,000 வாட்டுக்கு வந்து சேர்ந்த யாத்திரை பெரிய யாத்திரை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கனத்த தகட்டை அறுப்பதற்கு ஒரே வலிய கற்றைதான் உத்தமம், அங்கே என் யோசனை உங்களுக்கு வேண்டியதில்லை. ஆனால், அந்த வெற்றி நம்மை ஒரு மூடநம்பிக்கையில் கொண்டுபோய் விட்டுவிட்டது. சக்தியைக் கூட்டினால் எந்த வேலையும் நடக்கும் என்பதே அது.

உங்களில் பெரும்பாலோர் தோட்டங்காட்டுப் பிள்ளைகள். உங்கள் தகப்பனாரோ பாட்டனாரோ கிணற்றடியில் நின்று மோட்டாரைப் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு வாய்க்கால் ஓரம் ஓடியவராகவே இருப்பார். பத்துக் குதிரைச் சக்தி மோட்டார் கொட்டும் தண்ணீரை ஒரே பாத்தியில் விட்டால் என்ன நடக்கும் என்பதை அவரிடம் கேட்க வேண்டுமா? வரப்பு உடையும், நாற்று சாயும், மேல்மண் அடித்துக்கொண்டு போகும், அடுத்த பாத்தி காய்ந்து கிடக்கும். அதனால்தான் அவர் மடை திருப்பினார். கிணறு பெரிதாகப் பெரிதாகப் பாத்திகளும் பெருக வேண்டும் என்பது அவருக்கு எந்தப் பாடப் புத்தகமும் சொல்லிக் கொடுக்காமல் தெரிந்திருந்த சாஸ்திரம்.

ஒளிக்கும் அதே நியாயம்தான். நுண்ணிய வேலைகளுக்கு இப்போது தொடர்ந்து எரியும் ஒளியை விட்டுவிட்டு, பிகோ விநாடி அளவே நீடிக்கும் துடிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு விநாடியை ஒரு லட்சம் கோடி கூறாகப் போட்டால் அதில் ஒரு கூறுதான் பிகோ விநாடி. அவ்வளவு சிறிய கால அவகாசத்தில், உஷ்ணம் பக்கத்து உலோகத்துக்குப் பரவுவதற்குள்ளாகவே மேற்பரப்பு ஆவியாகிப் பறந்துவிடுகிறபடியால், தகடு நீலம் பாரிப்பதும் இல்லை, சுருளுவதும் இல்லை. இத்தகைய துடிப்புகளுக்குப் போதிய பலம் ஊட்டும் உபாயத்தை 1985-இல் கண்டதற்காகத்தான் டோனா ஸ்டிரிக்லண்டும் ஜெரார்ட் மூருவும் 2018-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாசற்படி அளவு உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் சக்தி அந்தப் படியைத் தாண்டாவிட்டால் பொருள் துளியும் பெயராது, சூடாகும், அவ்வளவுதான். படியைத் தாண்டிய பிறகோ, சக்தியைக் கூட்டக் கூட்ட ஆழம் அந்த விகிதத்தில் கூடுவதில்லை. வாசற்படியைப்போல் 10 மடங்கு சக்தி ஓர் ஆழத்துக்குப் பறிக்குமானால், 100 மடங்கு சக்தி ஏறக்குறைய அதைப்போல் 2 மடங்கு ஆழத்துக்குத்தான் பறிக்கும். மீதமுள்ள சக்தி எங்கே போகிறது? வரப்பை உடைத்த தண்ணீர் போன இடத்துக்குத்தான். பக்கத்து உலோகத்தை உருக்கி, பிசிறாகவும் கறையாகவும் வந்து நிற்கிறது. நடுவில் வலுத்து ஓரத்தில் மெலியும் சாதாரணக் கற்றைக்கு, அதன் நடுவில் விழும் சக்தி வாசற்படி அளவைப்போல் சுமார் 7.4 மடங்கு இருக்கும்போதுதான் செலவழித்த ஒளிக்கு அதிகப் பொருள் பெயரும் என்று கணிதமே சொல்கிறது. அதற்கு மேல் போனால் நஷ்டம், கீழே போனாலும் நஷ்டம்.

இதைப் பட்டறைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 100 வாட் பிகோ விநாடி லேசர் ஒன்று விநாடிக்கு 10 லட்சம் துடிப்பு தருகிறது என்றால், ஒவ்வொரு துடிப்பிலும் 100 மைக்ரோஜூல் இருக்கிறது. 30 மைக்ரான் அகலத்துக்குக் குவித்த ஒளிப்புள்ளியைக் கொண்டு எஃகைச் செதுக்க உகந்ததோ சில மைக்ரோஜூல்தான். மிச்சத்தை என்ன செய்வது? துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொன்றையும் சிறிதாக்கலாமே என்று உங்களில் புத்திசாலி ஒருவர் கேட்பார். கூட்டலாம். ஆனால் விநாடிக்கு 1 கோடி துடிப்பு என்று வைத்துக்கொண்டு, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 15 மைக்ரான் இடைவெளி விட்டால், ஒளிப்புள்ளி விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் ஓடியாக வேண்டும். ஒளியைத் திருப்பி ஓட்டும் வழக்கமான கால்வோக் கண்ணாடிகள் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. பலகோணச் சுழல் கண்ணாடிகள் ஈடுகொடுக்கும், அவை வேறொரு தலைவலி. ஓட்டத்தைக் குறைத்தாலோ ஒரே இடத்தில் துடிப்புமேல் துடிப்பு விழுந்து உஷ்ணம் சேர்ந்து, எதைத் தவிர்க்கக் குறுந்துடிப்பை நாடினோமோ அதுவே திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அந்த 100 மைக்ரோஜூலை முப்பதாகவோ நாற்பதாகவோ பங்கிட்டு, ஏககாலத்தில் அத்தனை இடங்களில் இறக்குவதே நேர்வழி. பல கற்றை வேலை என்று இன்று ஐரோப்பாவில் பேசப்படுவது இதுதான்.

ஒளியை எப்படிப் பங்கிடுவது? அரைப்பூச்சுக் கண்ணாடியால் இரண்டாக்கலாம், நான்காக்கலாம், நூறாக்க முடியாது. நூறாக்கும் வித்தைக்கு வித்திட்டவர் ஜெர்மனியின் ஹான்ஸ் டாம்மான். ஒரே உருவத்தைப் பல உருவங்களாகப் பதிப்பதற்காக அவரும் கோர்ட்லரும் 1971-இல் வெளியிட்ட கோடிட்ட தகடு இன்றும் டாம்மான் கிரேட்டிங் என்றே வழங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்படிகள் செதுக்கிய ஒரு குவார்ட்ஸ் வில்லை அது. அதன் வழியே ஒரு கற்றை புகுந்தால், அந்தப் படிகள் அலைகளை முன்னும் பின்னுமாகத் தள்ளி விடுவதால், மறுபக்கத்தில் சமபலமுள்ள பல கற்றைகளாக விரிந்து வெளிப்படுகிறது. பட்டறைக்கு இதனால் விளையும் லாபம் என்னவென்றால், அசையும் பாகம் ஏதும் இல்லை, மின்சாரம் வேண்டியதில்லை. வில்லையை வைத்தால் மடை பிரிந்தது. நஷ்டம் என்னவென்றால், ஒரு வில்லை ஓர் அமைப்புக்குத்தான். பத்துக்குப் பத்து என்று செதுக்கியது பத்துக்குப் பத்துத்தான் தரும்.

அமைப்பை வேண்டியபடி மாற்றிக்கொள்ள, திரவப் படிகத் திரை ஒன்றைக் கம்ப்யூட்டரால் ஆட்டி வைத்து, நினைத்த கோலத்தில் கற்றைகளை விரிக்கும் முறையை இங்கிலாந்தில் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் பிகோ விநாடியினும் குறுகிய ஃபெம்டோ விநாடி லேசரோடு சேர்த்து 2008-இல் செய்து காட்டினார்கள். அந்தத் திரையோ அதிக பலத்தைத் தாங்காது, சற்று மெதுவாகவும் மாறும். பின்னர் ஜெர்மனியின் ஆகன் நகரத்து ஃபிரான்ஹோஃபர் லேசர் நிலையத்தார் ஐரோப்பியக் கூட்டு முயற்சி ஒன்றில், 64 கற்றைகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் கூடிய ஏற்பாட்டில் இறங்கினார்கள். வாய்க்காலில் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு மடையும் ஓர் ஆளும் நிறுத்தியதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பளமாகச் சுருண்ட தகட்டுக்கு வருகிறேன். அதே ஆகன் நிலையத்தார், சாக்கடை நீரிலிருந்து பிளாஸ்டிக் நுண்துகள்களை வடிகட்டுவதற்காக, 10 மைக்ரான் விட்டமுள்ள துளைகளை உலோகத் தகட்டில் இட்டார்கள். மாதிரி வடிகட்டி ஒன்றில் மட்டும் 5 கோடியே 90 லட்சம் துளைகள்! உங்கள் யந்திரத்தைப்போல் ஒவ்வொன்றாகப் போட்டு, விநாடிக்கு 100 துளை என்றே வைத்துக்கொண்டாலும், இரவு பகலாக ஏறத்தாழ ஏழு நாள் ஆகும்; தகடு ஒன்றுக்கு ஏழு நாள் என்றால் அதன் விலையை யார் கொடுப்பார்? கற்றையை நூறாகப் பிரித்து ஒவ்வொன்றும் அதே வேகத்தில் துளைத்தால், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகிறது. கணபதியிலிருந்து திரும்பிப் போன வேலையும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். நாம் தோற்றது யந்திரத்தின் திறமைக் குறைவால் அல்ல. யந்திரத்தின் மிதமிஞ்சிய திறமையால்.

இனி ஓர் ஆச்சரியத்தைச் சொல்கிறேன். கற்றைகளைத் தனித்தனியே இறக்குவது ஒரு வகை. அவற்றை வேண்டுமென்றே ஒன்றன்மேல் ஒன்று சந்திக்கச் செய்வது இன்னொரு வகை. ஒரே மூலத்திலிருந்து பிரித்த இரண்டு கற்றைகள் ஒரு கோணத்தில் ஒன்றையொன்று தழுவினால், அலையும் அலையும் சேர்ந்த இடம் பிரகாசமாகவும், ஒன்றையொன்று அழித்த இடம் இருளாகவும், கொசுவம் வைத்ததுபோல் வரிவரியாக நிற்கும். இருபுறமும் செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்த்து, 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரைச் சந்திக்கச் செய்தால், வரிக்கும் வரிக்கும் இடைவெளி அதே 1064 நானோமீட்டர், அதாவது ஒரு மைக்ரானை ஒட்டி அமைகிறது; 15 பாகையாகக் குறைத்தால் இரண்டு மைக்ரான். மூன்று கற்றைகள் சந்தித்தால் தேன்கூட்டைப்போல் அறுகோணப் புள்ளிகள், நான்கு என்றால் சதுரப் புள்ளிகள். எந்தக் கட்டிங் தலையாலும் வரைய முடியாத இந்தக் கோலத்தை ஒரே துடிப்பில் பதித்துவிடுகிறார்கள். டிரெஸ்டன் நகரத்தில் ஆண்ட்ரெஸ் லசானியும் அவர் குழுவினரும் இத்துறையில் வெகுகாலமாக உழைத்துவருகிறார்கள்.

இந்த நுண்கோலங்களால் என்ன பயன் என்பீர்கள். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது என்பதை உவமையாகவே வைத்துப் பேசிப் பேசி, அது ஏன் ஒட்டவில்லை என்று விசாரிக்க மறந்துபோன ஜனங்கள் நாம். இலையின்மேல் மைக்ரான் கணக்கில் நெருங்கி நிற்கும் மேடுகளும் அவற்றின்மேல் மெழுகும் இருப்பதே காரணம் என்பதை விசாரித்து உலகறியச் செய்தவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் பார்த்லாட். அத்தகைய தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பை உலோகத்தில் விரைவாக உண்டாக்குவதற்காக, செக் நாட்டின் பிராகா நகரை அடுத்த ஹைலேஸ் நிலையத்தார் 2021-இல் பயன்படுத்திய கற்றைகளின் தொகை எவ்வளவு தெரியுமா? 40,401! வரிசைக்கு 201 வீதம் 201 வரிசை. பம்ப் செய்கிற ஊரில் இருந்துகொண்டு, தண்ணீர் ஒட்டாத உலோகத்தைப் பற்றி நாம் இதுவரை யோசிக்காமல் இருப்பது எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

வெல்டிங் வேலையிலும் இதுவே கதை. துத்தநாகம் பூசிய கார்த் தகடுகளை லேசரால் பிரேஸிங் செய்யும்போது, முன்னே இரண்டு சிறு ஒளிப்புள்ளிகள் சென்று ஓரத்துத் துத்தநாகத்தை விலக்கி வழிசெய்ய, பின்னே பெரிய புள்ளி வந்து கம்பியை உருக்கிப் பாய்ச்சுகிறது. பல்லக்குக்கு முன்னே கட்டியக்காரர் இருவர் போவது எனக்கு நினைவுக்கு வருகிறது. அலுமினியத்திலும் அருகருகே இரண்டு புள்ளிகள் விட்டால் உருகிய குழி திறந்தே நின்று, காற்றுக்குமிழி அடைபடுவது குறைகிறது. உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கிப் பாகம் வார்க்கும் யந்திரங்களில், ஜெர்மனியின் லூபெக் நகரத்திலிருந்து 2020-இல் வெளிவந்த ஒன்றில் 1 கிலோவாட் லேசர்கள் பன்னிரண்டு ஏககாலத்தில் வேலை செய்கின்றன. கவனியுங்கள், அதுவும் பன்னிரண்டு கிலோவாட்தான்! சென்னையின் அக்னிகுல் நிறுவனம் இப்படிப் பொடியிலிருந்து ஒரே துண்டாக வார்த்த எஞ்ஜினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இதில் சங்கடங்களே இல்லை என்று சொன்னால் நான் தரகனாகிவிடுவேன். நூறு கற்றைகளில் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று இளைத்திருந்தால், நூறு துளைக்கு ஒரு துளை சிறுத்து, வடிகட்டி முழுவதும் அந்த வடு வரிசையாகத் தெரியும். வில்லையில் பிரியாமல் நேரே வந்து நடுவில் விழும் மிச்ச ஒளி பிடிவாதமாக ஓர் அதிகப்படித் துளையைப் போட்டுவிடும். கற்றைகளை மிக நெருக்கி வைத்தால் அவை வேண்டாத இடத்தில் ஒன்றோடொன்று கலந்து புள்ளி புள்ளியாகக் குதறும், உஷ்ணமும் சேர்ந்துகொள்ளும். பொடி உருக்கும் யந்திரத்தில் ஒரு கற்றை எழுப்பிய புகை இன்னொரு கற்றையின் வழியை மறைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண். ஃபைபர் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரைவரை போகும். கற்றை பெருகப் பெருகத் தெறிக்கும் ஒளியின் திசைகளும் பெருகும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடி போடாமல் வேலை செய்யும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லவில்லை. உடையவர்களுக்கே தெரியும்.

ஒன்று சொல்ல மறந்தேன். நீங்கள் ஒரே கற்றை என்று பெருமை பேசும் அந்தப் பன்னிரண்டு கிலோவாட்டும், பெட்டியைத் திறந்து பார்த்தால், பல சிறிய லேசர் மாட்யூல்களின் ஒளியை ஒரு ஃபைபரில் சேர்த்துக் கட்டியதுதான். உள்ளே கூட்டமாக இருந்ததை வெளியே ஒன்றாக்கினவர்களுக்கு, அதை மறுபடி பிரிக்கும் வித்தை அந்நியமானதல்ல.

ஆகையால் என் விண்ணப்பம். அடுத்த யந்திரத்துக்கு வங்கியில் கடன் கேட்கப் போகுமுன், இன்னும் எத்தனை கிலோவாட் என்ற கேள்வியை ஒரு வருஷம் ஒத்தி வையுங்கள். குறுந்துடிப்பு லேசரும், கற்றை பிரிக்கும் வில்லைகளும், கற்றையின் உருவத்தை அளக்கும் காமிராவும் ஒருவர் வாங்கிக் கட்டுப்படியாகிற சாமான்கள் அல்ல. இருபது பட்டறைகள் கூடினால் கட்டுப்படியாகும். சிறுதொழில் கொத்துகளுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டமே இருக்கிறது. ஒருவரையொருவர் கொட்டேஷனில் ஐந்து ரூபாய் குறைத்து வெட்டிக்கொள்ளும் உங்கள் கூட்டத்தில் அது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. கொடிசியா வளாகத்தையே இந்த ஊர்ச் சிறுதொழில்காரர்கள்தான் கூடிக் கட்டினார்கள்.

அதற்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐதராபாத்தில் ஏ.ஆர்.சி.ஐ. என்ற அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில் பொருள்களை லேசரால் பண்படுத்துவதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. கணபதியில் சுருண்டுபோன தகட்டின் மிச்சத்தில் நான்கு துண்டுகளை நான் வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களில் ஒருவர், இளைஞராக இருந்தால் நலம், அவற்றை எடுத்துக்கொண்டு போய், இதில் துளையிட என்ன லேசர் வேண்டும், எத்தனை கற்றை வேண்டும், துளைக்கு என்ன செலவாகும் என்று கேட்டு எழுதி வாருங்கள். ரயில் கட்டணத்தில் பாதி என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் வாத்தியார்